நின்ற பிறகு

"சாவியைத் திருப்பறதுக்கே பயமா இருக்குதுங்க அம்மணி," என்றார் சென்னியப்பன்.

ரேணுகா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு காரின் பக்கம் வந்தார்.

சென்னியப்பன் லாரி ஓட்டியவர். மனைவி பாவாயிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதும் வெளியூர் ஓட்டத்தை விட்டுவிட்டு, தன்னைவிட வயதில் சின்னவரான ரேணுகாவின் ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்கச் சேர்ந்தார். பாவாயியை டயாலிசிஸுக்கு ஈரோட்டுக்குக் கூட்டிப்போவது இந்தப் பழைய காரில்தான்.

"என்ன பண்ணுதுங்கண்ணா?"

"காலைல தொட்டதும் ஸ்டார்ட் ஆயிருது. ஓடிச் சூடான பொறகு கொஞ்ச நேரம் நிறுத்திட்டுப் போட்டா எடுக்க மாட்டீங்குது. போன வாட்டி திரும்பி வர்றப்ப மருந்துக்கடைல நிறுத்தினேன். அதோட சரி. அவ பின்சீட்டுல சுருண்டு கெடக்கறா. நான் போட்டுப் போட்டுப் பாக்கறேன்."

"அப்புறம்?"

"பேட்டரி மாத்தினேன். பிளக் மாத்தினேன். பெட்ரோல் பம்பையும் மாத்திரலாம்ங்க. நாளைக்கு மறுபடி போகோணும்."

ரேணுகா பெட்ரோல் லைனில் பிரஷர் மீட்டரை மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டார். சூடேறியது. மீட்டர் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

"பாருங்க, சரியாத்தான் இருக்குது," என்றார் சென்னியப்பன்.

"ஓடறப்ப இருக்கும்."

எஞ்சினை நிறுத்தினார். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"உட்காருங்க."

"எதுக்குங்க?"

"பாக்கறதுக்கு."

சென்னியப்பன் ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். எழுந்தார். ஸ்பேனரை எடுத்தார்.

"எதைக் கழட்டப் போறீங்க?"

அவருக்குத் தெரியவில்லை. ஸ்பேனரை வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

முதலில் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தார். இல்லை. முள் இறங்கிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல அடிவரைக்கும் போய்விட்டது.

"பம்புதாங்க," என்று எழுந்தார்.

"தெரிஞ்சு சொல்றீங்களா, பயத்துல சொல்றீங்களா?"

அவர் மறுபடி டயர்மேல் உட்கார்ந்தார்.

ரேணுகா பிரஷரை ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, பம்பிலிருந்து வரும் குழாயைக் கிளிப் போட்டு நெரித்தார். முள் அப்போதும் இறங்கியது.

"பிரஷர் பம்பு வழியா போகல."

மறுபடி ஏற்றினார். மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாயை நெரித்தார்.

முள் நின்றது.

சென்னியப்பன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அது அங்கேயே நின்றது.

"பிரஷரைப் பிடிச்சு வெக்கற ரெகுலேட்டருங்க," என்றார் அவர், மெதுவாக. "நிறுத்தின பொறகு அது வழியாத்தான் பிரஷர் இறங்குது. லைன்ல இருக்கற பெட்ரோல் சூட்டுல ஆவியாயிருது. அதான் எடுக்க மாட்டீங்குது."

ரேணுகா சாவியை அவரிடம் நீட்டினார்.

சாயங்காலத்துக்குள் உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சாமானை அவரே மாற்றினார்.

மறுநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அதே மருந்துக்கடை முன்னால் காரை ஓரங்கட்டினார். எஞ்சினை நிறுத்த மனம் வரவில்லை. பாவாயி பின்சீட்டில் கண்ணை மூடியிருந்தாள். நிறுத்தினார். இறங்கிப்போய் மருந்து வாங்கிவந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சாவியைத் திருப்பினார். எடுத்துக்கொண்டது.

"வந்துருச்சு பாவாயி. இனி பயமில்ல. வெரசா வீட்டுக்குப் போயிரலாம்."

"கொஞ்சம் நிறுத்துங்க."

"ஏன், என்ன பண்ணுது? வாந்தி வருதா? தண்ணி வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். நிறுத்துங்க."

நிறுத்தினார். ஒரு பஸ் கடந்து போனது. அதன் சத்தமும் போனது. அவருக்கு ஏதாவது கேட்கவேண்டும் போலிருந்தது. கேட்காமல் இருந்தார்.

வெகுநேரம் கழித்துப் பாவாயி சொன்னாள்: "ராத்திரி நான் தூங்கறதே இல்லீங்க. தூங்கினா எந்திரிக்க மாட்டனோன்னு இருக்குது."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எப்ப நின்னீங்க, சொல்றதுக்கு?"