வண்டி நிறுத்த ஓர் இடம்

மடத்தில் கடிகாரம் பார்த்துப் பாடம் தொடங்குவதில்லை. டவுன் பஸ் வந்து நிற்கும். சீடர்கள் இறங்கி இலுப்பை மரத்தடியில் உட்காருவார்கள். அதன் பிறகே குரு சிவகாமி அம்மையார் பேசுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மருதப்பர் எழுந்தார். குருவைவிட வயதில் மூத்தவர். புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருந்தார்.

“அம்மா, இந்த பஸ் கக்குற புகையைப் பாருங்க. நாம எல்லாரும் மின்சாரக் காருக்கு மாறிட்டா உலகத்துக்கு நல்லதுதானே?”

“மாறிப் பாருங்க,” என்றார் குரு.

“நான் எதை மாத்துறது? என்கிட்ட இருக்குறது செருப்பு மட்டும்தான்,” என்றார் இன்னொரு சீடர் ராஜகனி. எல்லோரும் சிரித்தார்கள்.

மருதப்பர் வீடு வீடாகப் போய்ப் பேசினார். சில மாதங்களில் ராஜகனியைத் தவிர ஆளுக்கொரு கார் வந்துவிட்டது. மடத்து வாசல் போதவில்லை. சாலையோரம் விட்டால் லாரி உரசியது.

“அம்மா, வண்டி நிறுத்த ஓர் இடம் ஏற்பாடு பண்ணணும்,” என்றார் மருதப்பர்.

“பண்ணிடுவோம்.”

அடுத்த வெள்ளிக்கிழமை கார்கள் சத்தமில்லாமல் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒருவர். பின்னாலேயே டவுன் பஸ் வந்தது. தூக்குவாளியோடு ராஜகனி மட்டும் இறங்கினார்.

“உங்க ஒருத்தருக்காக எத்தனை நாளைக்கு இந்த பஸ்ஸை விடுவாங்க சாமி?” என்றபடி கண்டக்டர் விசில் ஊதினார்.

பஸ் போன பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது.

குரு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இலுப்பை மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். அடிமரம் வாய் பிளந்திருந்தது. அவர்கள் உட்காரும் இடமெல்லாம் ஈரச் சிராய்கள்.

ராஜகனியின் தூக்குவாளி கைநழுவி உருண்டது.

மருதப்பர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினார். கோடாலிக் காம்பை இறுகப் பிடித்தார்.

“அம்மா! என்ன காரியம் பண்றீங்க? நாம உட்காருற நிழல் இது!”

“நீங்கதானே இடம் கேட்டீங்க. பஸ் கேட்டதே இல்லை.”

“அதுக்காக இதையா? ஒரு பாவமும் அறியாத வண்டியம்மா அது. புகையே கிடையாது!”

குரு காம்பை விட்டுவிட்டார். கோடாலி மருதப்பர் கையில் கனத்தது.

“இதுக்கும் புகை கிடையாது,” என்றார் குரு.