கூழ்ப்பானைக்கு வந்த திருடன்

மருதங்காட்டு ராஜா செண்பகமாறனுக்கு நாக்கு நாலு முழம். போர், வழக்கு, வரி எல்லாம் அப்புறம். முதலில் இலை போட்டாக வேண்டும். அப்படிப்பட்டவர் ஒருநாள் வேட்டைக்குப் போய், மான் ஒன்றும் சிக்காமல், நா வறண்டு ஒரு கம்மங்காட்டு ஓரம் குதிரையை நிறுத்தினார்.

காட்டுக்காரி பெயர் குருவம்மா. அவளும் புருஷன் மொக்கையனும்தான் அந்தத் துண்டு நிலத்துக்கு ஆள், அம்பு, சேனை எல்லாம். வந்தவர் ராஜா என்று அவளுக்கு எங்கே தெரியும்? வெயிலில் வாடிவந்த மனுஷன் என்று இரங்கி, பானையிலிருந்த கம்பங்கூழை அள்ளி, மோர் விட்டுக் கரைத்து ஒரு செம்பு கொடுத்தாள். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்தாள். ராஜா குடித்தார். இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதோடு போயிருக்கலாம். போனாரா? அரண்மனை சேர்ந்ததும் அவளைக் கூட்டிவரச் சொல்லி ஆளனுப்பிவிட்டார்.

கதிர் முற்றி நிற்கிற நேரம். ஒருத்தர் குருவி விரட்டினால்தான் ஒருத்தர் அறுக்க முடியும். அந்த நேரத்தில் பாவம், அவள் அரண்மனை அடுப்படியில் நின்று கூழ் காய்ச்சினாள். ராஜா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். மறுநாளும் காய்ச்சினாள், அதுவும் சப்பென்றுதான் இருந்தது. காட்டில் குடித்த அதே ருசி வருகிறவரை அவள் வீட்டுக்குப் போகக்கூடாது என்று ராஜா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சபையில் நல்லகுற்றாலம் என்று ஒரு விகடர் இருந்தார். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவருக்கு உத்தியோகம். அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைப்பது பிறவிக்குணம். கூழ் விவகாரம் காதில் விழுந்ததும் மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே சமையற்கட்டின் பின்வாசலுக்குப் போனார். குருவம்மா அங்கே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என்னம்மா கோளாறு என்று மெதுவாகக் கேட்டார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“ஐயா, கம்மம் மாவை நீராகாரத்துல கரைச்சு ராத்திரி பூரா புளிக்க விடணும். அப்புறம் காய்ச்சி, அதையும் மறுநாள் வரைக்கும் வச்சிருந்துதான் கரைக்கணும். இங்க பொழுது சாஞ்சா காவக்காரங்க வந்து பானையோட கவுத்துட்டுப் போயிடறாங்க. புளிக்காத கூழுக்கு ருசி எங்கேருந்து வரும்?”

நல்லகுற்றாலத்துக்கு விஷயம் பிடிபட்டது. முன்பொரு தரம் ஊசிப்போன பணியாரத்தைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்ட ராஜா, அன்றைக்கே ஒரு சட்டம் போட்டிருந்தார். பொழுது சாய்ந்தால் சமையற்கட்டில் மிச்சம் என்று எதுவும் இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். நேற்றையதை ராஜாவுக்குப் பரிமாறினவர்களுக்கு நாடுகடத்தல். ஆக, உண்மையைச் சொன்னால் இவள் ஊரைவிட்டே போகவேண்டும்; சொல்லாவிட்டால் கதிர் குருவிக்குப் போகும். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் குழி.

மறுநாள் காலை சபை கூடியதும் நல்லகுற்றாலம் எழுந்தார். குருவம்மா கைப்பக்குவத்தில் குறையில்லை, கூழின் ருசியை ஒரு திருடன் தினமும் கொண்டுபோகிறான் என்றார். தம் சமையற்கட்டிலேயே திருடனா என்று ராஜா கொதித்தார். திருடனுக்கு என்ன தண்டனை தரலாம் என்று அவரிடமே யோசனை கேட்டார்.

இவள் இங்கே கிடப்பதால்தான் அங்கே கதிர் பாழாகிறது, அதனால் அந்தத் திருடனே இவள் காட்டுப் பரணில் ஏறிக் குருவி விரட்டட்டும் என்றார் நல்லகுற்றாலம். ராஜாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அந்தச் சூட்டோடு, என்ன வெளிவந்தாலும் குருவம்மா மேல் குற்றமில்லை என்று சபையறிய ஒரு வாக்கும் வாங்கிக்கொண்டார் நம்முடைய ஆள்.

பொழுது சாயும் நேரம் ராஜாவும் விகடரும் நெற்குதிருக்குப் பின்னால் பதுங்கினார்கள். குருவம்மா மாவைக் கரைத்து மூடிவைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஒரு காவலன் வந்தான். பானையை அலாக்காகத் தூக்கினான். ராஜா பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்து, யார் சொல்லிடா இந்தத் திருட்டு என்று உலுக்கினார்.

அவன் பானையை அணைத்தபடியே சொன்னான்: “தங்கள் ஆணைதான், மகாராஜா.”

ராஜாவின் பிடி தளர்ந்தது. பானையைப் பார்த்தார், குருவம்மாவைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் விளங்கியது. விளங்கியதும் கோபம்தான் வந்தது.

“அப்படியானால் அன்றைக்கு எனக்கு இவள் ஊற்றியது பழைய கூழா?”

குருவம்மா சுவரோரம் ஒதுங்கினாள். நல்லகுற்றாலத்துக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் முகத்தில் காட்டாமல், சபையில் தந்த வாக்கை நினைவுபடுத்தினார்.

“அது காலையில் கொடுத்த வாக்கு” என்று உறுமினார் ராஜா.

“வாஸ்தவம் மகாராஜா. இப்போது பொழுது சாய்ந்துவிட்டது. காவலனிடம் சொல்லி அந்த வாக்கையும் கொட்டிவிடட்டுமா?”

ராஜாவின் மீசை துடித்தது. கோபத்தில் துடிக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் காவலன் பானையைக் கீழே போடப் பார்த்தான்.

அன்றைக்கே குருவம்மாவை ஒரு கறவைப்பசுவோடு வண்டியேற்றி அனுப்பினார்கள். விடிந்ததும் திருடனுக்குச் சொன்ன தீர்ப்பு நிறைவேறியது. பரணில் ராஜா கவணும் கையுமாய் நின்று தொண்டை கட்டக் கட்டக் கத்தினார். பட்டுச் சால்வை பரிசு வாங்கிய நல்லகுற்றாலத்துக்கு, ராஜா பக்கத்தில் நின்று தம்பட்டம் தட்டுகிற வேலை. கீழே புருஷனும் பெண்டாட்டியும் நிம்மதியாய்க் கதிர் அறுத்தார்கள்.

உச்சி வெயிலில் குருவம்மா கூழ் கொண்டுவந்தாள். அவள் இல்லாத நாட்களிலும் மொக்கையன் வீட்டுப் பானையைக் காலியாக விட்டதில்லை. ராஜா ஒரே மூச்சில் குடித்தார், அதே ருசி. இன்னொரு செம்பு, இன்னொரு செம்பு என்று கேட்டுவிட்டு, பானையில் மிச்சமிருப்பதையும் ஊற்றச் சொன்னார்.

குருவம்மா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அது நாளைக்கு உள்ளது, மகாராசா. நாளைக்கும் குருவி வரும். நீங்களும் வாங்க, ஊத்தறேன்.”