யானை தின்ற கரும்புக்குச் சுங்கம்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குக் கோபம் வந்தால் நாட்டுக்கே காய்ச்சல் வந்த காலத்தில், கம்பீரவர்மன் என்றொரு மன்னன் இருந்தான். அவனுடைய நாடு எழுநாட்டுச் சபையைச் சேர்ந்த நாடுகளில் ஒன்று; எல்லை ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது இன்னொன்று. ஓரிடத்தில் முத்திரை குத்திய சரக்கு ஏழு நாட்டிலும் தடையில்லாமல் போகலாம் என்பதுதான் அந்தச் சபையின் ஏற்பாடு. அந்த வருஷத்துச் சபை விருந்தில், இவனுடைய இலைக்கு வருவதற்குள் பாயசம் தீர்ந்துபோயிற்று. "இனி நாம் சபையில் இல்லை. ஒப்பந்தமும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்" என்று எழுந்து வந்துவிட்டான். கள்ளமில்லாத மனுஷன்தான், நாக்குக்குத்தான் பொறுமை கிடையாது.

நெசவாளர் தலைவர் காளத்தி, அரண்மனை விகடகவி பொன்னுரங்கனிடம் ஓடிவந்தார். "நூலு வடக்கேயிருந்து வருது, சாயத்துக்கு அக்கரை போகுது, நெசவுக்கு இங்கே திரும்புது, சேலையாகி மறுபடி அக்கரைச் சந்தைக்குப் போகுது. ஒவ்வொரு தரமும் எல்லையிலே நிறுத்தினா தறி எப்படி ஓடும் சாமி? முகூர்த்த மாசம் வேற வருது."

ராஜாமேல் பொன்னுரங்கனுக்குக் கொள்ளைப் பிரியம். அதற்காகத் தறிக்காரர்கள் பட்டினி கிடப்பதா? அரசவையில் அதை வாய்விட்டே கேட்டான்.

அவனைக் கண்டாலே ஆகாத பிரதானி அரசகேசரி இதற்காகத்தான் காத்திருந்தார். "பிரபு, எல்லைமீது இத்தனை அக்கறை உள்ளவரிடமே சுங்கச்சாவடியை ஒப்படைக்கலாம். வெளியிலிருந்து வரும் எதையும், என்ன, எவ்வளவு என்று பாராமல் உள்ளே விடலாகாது. எவருக்கும் விலக்கு இல்லை. தவறினால் அவர் நாட்டைவிட்டே போகட்டும்."

சரக்கை விட்டால் நாடு போகும், நிறுத்தினால் நெசவாளர்கள் காறித் துப்புவார்கள் என்பது பிரதானியின் கணக்கு. ராஜா தலையாட்டினான். பொன்னுரங்கனும் பணிந்து ஏற்றுக்கொண்டான்.

சாவடியில் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்ததில் வண்டிகள் ஆற்றங்கரைவரை நின்றன. காளத்தி அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில் ராஜாவின் பிறந்தநாள் வந்தது. அன்று பட்டத்து யானையை ராஜாவே குளிப்பாட்டுவது வழக்கம். இக்கரையில் புதைசேறு என்பதால் படித்துறை அக்கரையில் இருந்தது. அக்கரை ஜனங்கள், சண்டையெல்லாம் ராஜாக்களுக்குள்தானே என்று, எப்போதும்போல யானைக்குக் கரும்பு ஊட்டினார்கள், ராஜாவுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ராஜாவும் பிரதானியும் அம்பாரியில் திரும்பி வந்தால், சாவடியில் பொன்னுரங்கன் குறுக்கே நின்றான்.

"வெளிச்சரக்கு இருக்கிறதா, பிரபு?"

"என்ன உளறுகிறாய்? நானும் பிரதானியும் யானையும்தான்" என்றான் ராஜா.

"யானையின் வயிற்றில் அக்கரைக் கரும்பு இருக்கிறது. எவ்வளவு என்று தெரியாமல் விடமுடியாது."

"அதை எப்படி அளப்பது?"

"ஒப்பந்தம் இருந்தால் அதில் ஒரு வழி எழுதியிருப்பார்கள். இல்லாததால், தானாக வெளியே வரும்வரை காத்திருப்போம்."

"சரி, நான் இறங்கி நடந்து போகிறேன்."

"தங்கள் வயிற்றில் இளநீர் இருக்கிறதே, பிரபு."

"நான் எதையும் தொடவில்லை" என்றார் பிரதானி அவசரமாக. பொன்னுரங்கன் பேசாமல் அவருடைய மீசையைக் காட்டினான். அதில் பலாச்சுளை நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெயில் ஏறியது. அரண்மனையில் விருந்து ஆறிக்கொண்டிருந்தது. அம்பாரியில் உட்கார்ந்தபடி ராஜா முதல் தடவையாக வண்டி வரிசையைப் பார்த்தான். மாடுகள் நுரை தள்ளி நின்றன. சாய நூல் மூட்டைமேல் காளத்தி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவர்கள் எப்போதிலிருந்து நிற்கிறார்கள்?"

"தங்களுக்குக் கோபம் வந்ததிலிருந்து, பிரபு."

அந்த நேரம் பார்த்து யானை வாலைத் தூக்கியது. பொன்னுரங்கன் குனிந்து பயபக்தியோடு நோட்டமிட்டான். "சரக்கில் ஒரு பகுதி வந்துவிட்டது. மீதியும் வந்ததும் போகலாம்."

ராஜா சிரித்தான். அடக்கப் பார்த்து முடியாமல், அம்பாரி ஆடும்படி சிரித்தான். வண்டிக்காரர்களும் சிரித்தார்கள்.

"முதலில் அந்த வண்டிகளை விடு. சபைக்கு நானே போய்ப் பேசுகிறேன். நல்லபடியாக ஒரு ஒப்பந்தம் கையில் வரும்வரை பழைய முத்திரையே செல்லும்" என்றவன், கையை நீட்டிப் பொன்னுரங்கனை அம்பாரியில் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டான். தன் முத்துமாலையையும் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். பிரதானியைக் கீழே இறங்கச் சொன்னான்.

"நான் எதில் வருவது, பிரபு?"

"நடந்து வாரும், யானைக்குப் பின்னாலேயே. மீதிச் சரக்கை யாராவது பார்க்க வேண்டுமே. எவருக்கும் விலக்கு இல்லை என்றவர் நீர்தானே."

காளத்தி தன் வண்டியிலிருந்து ஒரு கூடையை எடுத்துவந்து, மரியாதையோடு பிரதானியின் கையில் கொடுத்தார்.