கருவிப்பெட்டியில் இல்லாத கேள்வி

ஒரு காட்டில் கைபேசிக் கோபுரம் வருவதற்கு வெகு காலம் முன்பே மாலைப் பள்ளிகள் வந்துவிட்டன.

வெயில் தாழ்ந்ததும் காட்டின் ஒன்பது இடங்களில் ஒன்பது வகுப்புகள் கூடும். அங்கே குட்டிகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித் தருவார்கள். எந்தப் பழத்தைத் தின்னலாம், எந்தப் பழத்தின் பக்கமே போகக் கூடாது என்றும் சொல்லித் தருவார்கள். இதற்குச் சம்பளம் எதுவும் கிடையாது. தாமாகவே முன்வந்து செய்ததால் அவர்களைத் தன்னார்வலர்கள் என்று காடு அழைத்தது.

அந்தத் தன்னார்வலர்களில் முதல் ஆள் கரடி. தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு பள்ளம் பள்ளமாக நடக்கும். பைக்குள் ஒரு சுண்ணாம்புக் கட்டி, ஒரு பிடி புளியங்கொட்டை, நாக்கு விழுந்துபோன ஒரு மணி. அந்த மணியைக் கல்லால் தட்டினால்தான் சத்தம் வரும். பிறகு மயிலும் ஆமையும் சேர்ந்துகொண்டன. மழை பிடித்தால் மூவரும் ஆளுக்கொரு தேக்கிலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குட்டிகளைச் சுற்றி உட்கார வைத்துப் பாடம் நடத்துவார்கள். அந்த மாலைகளை நினைத்தால் கதை சொல்கிற எனக்கே ஏக்கமாக இருக்கிறது.

ஆண்டுகள் ஓடின. கரடி மாலைப் பள்ளிக் குழுவின் தலைவரானது. தலைவருக்குக் கூட்டம் நடத்தவே நேரம் சரியாக இருந்தது. அது வகுப்பு எடுத்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. துணிப்பை குகைச் சுவரில் ஒரு வேரில் தொங்கியது.

இதற்கிடையில் கோபுரமும் வந்தது, எல்லா விலங்குகளின் கையிலும் கைபேசியும் வந்தது. விலங்குக்கு ஏது கைபேசி என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. பேசுகிற விலங்கு போன் வைத்துக்கொள்ளக் கூடாதா என்ன?

ஒருநாள் கரடி ஒரு நல்ல யோசனை சொன்னது. தன்னார்வலர்களுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே இணையதளத்தில் போட்டுவிடலாம், யார் எங்கிருந்து திறந்தாலும் பாடம் எடுக்கத் தேவையானது கையில் இருக்கும், அதற்கு இணையக் கருவிப்பெட்டி என்று பெயர் வைக்கலாம் என்றது. எல்லாருக்கும் பிடித்துப் போனது. கணினி வேலை தெரிந்த கருங்குரங்கு தளத்தைக் கட்டித் தர ஒப்புக்கொண்டது. என்ன சொன்னாலும் மறுக்காமல் செய்துவிடுவது கருங்குரங்கின் குணம்.

முதல் திட்டக் கூட்டம் நாவல் மரத்தடியில் கூடியது. கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒரு சருகுமான் உட்கார்ந்திருந்தது. உருவத்தில் முயலைவிடக் கொஞ்சம் பெரியது, கூச்சத்தில் காட்டிலேயே பெரியது. மூங்கில் பள்ளத்து வகுப்பை நடத்திய காட்டுக்கோழி வேறு மலைக்குக் குடிபோய்விட, வேறு யாரும் கை தூக்காததால் சருகுமான் அந்த வகுப்பை ஏற்றிருந்தது. ஏற்றபோது பதினான்கு குட்டிகள். இரண்டே மாதத்தில் அது ஒன்பதாகக் குறைந்துவிட்டது. குட்டிகள் ஐந்துக்குக் கீழே போனால் வகுப்பை மூடிவிட வேண்டும் என்பது குழுவின் விதி. சருகுமான் தினமும் குட்டிகளை எண்ணி எண்ணிப் பார்த்தது. கருவிப்பெட்டி வருகிறது என்று கேட்டதும் மூன்று கேள்விகளை ஓர் இலையில் எழுதி எடுத்து வந்திருந்தது.

கூட்டத்தைக் கரடி தொடங்கி வைத்தது. கருவிப்பெட்டியில் என்னென்ன வேண்டும் என்று யோசிக்க வாயைத் திறந்ததுதான் தாமதம், பழைய நாட்கள் வந்து நின்றன.

"அந்தக் காலத்துல ஒரு ஆண்டு விழா நடத்தினோமே, ஞாபகம் இருக்கா? சிறப்பு விருந்தினரா யானை வந்து மேடையில உட்கார்ந்துச்சு. மேடை அப்படியே தரையோட தரையாப் போச்சு" என்றது கரடி.

மயில் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அந்த விழாவில் தான் ஆடிய வரவேற்பு நடனத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசியது. மேடை எத்தனை மூங்கிலில் கட்டப்பட்டது என்பதை ஆமை திருத்திச் சொன்னது. எதையும் விடாமல் முழுசாகச் சொன்னால்தான் ஆமைக்குத் தூக்கம் வரும். நடுவில் ஒருமுறை சருகுமான் எழுந்து நின்றது. கரடி அன்பாக, "சொல்லும்மா" என்றது. சருகுமான் தொண்டையைச் சரிசெய்வதற்குள் மயிலுக்கு இன்னொரு பாட்டு ஞாபகம் வந்துவிட்டது. சருகுமான் உட்கார்ந்துவிட்டது.

இப்படியே நான்கு கூட்டங்கள் நடந்தன. நினைத்துப் பார்ப்பது தப்பா? இல்லவே இல்லை. அந்த நான்கு கூட்டங்களிலும் இருந்த சந்தோஷம் எனக்கும் வேண்டும். ஆனால் மூங்கில் பள்ளத்தில் ஒன்பது குட்டிகள் ஏழானார்கள்.

கடைசியில் கருவிப்பெட்டி தயாரானது. முதலில் மயிலின் வரவேற்பு வீடியோ, இருபத்திரண்டு நிமிடம். அதைத் தாண்டினால் மாலைப் பள்ளிகளின் முழு வரலாறு, எண்பத்து நான்கு பக்கம், ஆமை எழுதியது. அதற்குப் பிறகு கரடி தேர்ந்தெடுத்த பழைய புகைப்படங்கள், முந்நூற்றுப் பதினொன்று. நாற்பது குட்டிகள் சேர்ந்து ஆட வேண்டிய கும்மிப் பாட்டு. உள்ளே நுழைய ஒரு கடவுச்சொல் வேறு. அது யாருக்குமே நினைவில் நிற்கவில்லை. கருங்குரங்கு எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பொத்தான் வைத்துக் கொடுத்திருந்தது.

தொடக்க விழாவில் கரடி ஒரு கொடியை வெட்டித் திறந்து வைத்தது. பெருமையில் அதன் மார்பு விம்மியது.

"இனிமே கவலையே வேண்டாம். யார் வேணும்னாலும் எந்த வகுப்பையும் எடுக்கலாம். போனைத் திறந்தா போதும்" என்றது.

எல்லாரும் கைதட்டினார்கள். சருகுமானும் தட்டியது. தட்டிக்கொண்டே அந்த வார்த்தைகளை மனதில் முடிந்துகொண்டது.

அடுத்த வாரம் மூங்கில் பள்ளத்தில் ஐந்தே குட்டிகள். அதிலும் காட்டுப்பன்றித் தாய் வந்து, தன் இரண்டு குட்டிகளும் வகுப்பில் சண்டை போடத்தான் கற்றுக்கொள்கின்றன, இந்த வாரம் பார்த்துவிட்டு நிறுத்திவிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது. சருகுமான் அன்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கூட்டத்தில் பேச அதற்கு நாக்கு எழாது. ஆனால் எழுத வரும். கைபேசியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிக் கரடிக்கு ஒரு செய்தி அனுப்பியது.

"வணக்கம் ஐயா. நாளை மாலை என்னால் வகுப்பு எடுக்க முடியாது. கருவிப்பெட்டி இருப்பதால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். நீங்களே வந்து ஒருநாள் எடுத்தால் குட்டிகள் மகிழ்வார்கள். புதிய பெட்டியின் பெருமையும் எல்லாருக்கும் தெரியவரும்."

கரடிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மறுநாள் மதியமே கிளம்பிவிட்டது. மயில் தோகையைச் சீவிக்கொண்டு கூட வந்தது. ஏதாவது கோளாறு வந்தால் பார்க்கக் கருங்குரங்கும் வந்தது. ஆமை மட்டும் அவர்களோடு வரவில்லை. அது முந்தின நாளே புறப்பட்டிருந்தது.

மூங்கில் பள்ளத்தில் இரண்டு பன்றிக் குட்டிகள், ஒரு முயல் குட்டி, ஒரு முள்ளம்பன்றிக் குட்டி, ஒரு கீரிக் குட்டி, ஆக ஐந்து பேர் காத்திருந்தார்கள். பக்கத்து மூங்கில் புதருக்குள் சருகுமான் மூச்சு விடாமல் ஒளிந்திருந்தது.

கரடி கம்பீரமாகக் கைபேசியைத் திறந்தது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"இங்க பள்ளம் அண்ணே, சிக்னல் வராது. மேல பிடிச்சா வரும்" என்று சொல்லிவிட்டுக் கருங்குரங்கு போனை வாங்கிக்கொண்டு மூங்கில் உச்சிக்கு ஏறியது. மேலே வீடியோ ஓடியது. கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மயில் தானே ஆடிக் காட்டுகிறேன் என்று முன்னால் வந்தது. இரண்டு நிமிடம் குட்டிகள் வாய்பிளந்து பார்த்தார்கள். மூன்றாவது நிமிடம் பன்றிக் குட்டிகள் ஒன்றின் காதை ஒன்று கடித்தன. முட்டி மோதியதில் முள்ளம்பன்றிக் குட்டி சிலிர்த்துக்கொண்டது. அதன் முள் ஒன்று முயல் குட்டியைக் குத்த, முயல் அழுதது. முயலைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள். அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த ஆமையைப் பார்த்து, அழுகிற குட்டியை என்ன செய்வது என்று வரலாற்றில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கரடி கேட்டது. ஆமை எண்பத்து நான்கு பக்கத்தையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தது.

"அது... எழுதலை அண்ணே" என்றது.

இதற்குள் கீரிக் குட்டி எழுந்து நடக்கத் தொடங்கியது. "நான் வீட்டுக்குப் போறேன்" என்றது.

அது போனால் மிச்சம் நான்கு. விதி எழுதியதே கரடிதான். அதற்கு வியர்த்துவிட்டது. கும்மிப் பாட்டு, புகைப்படம், விழா, யானை, எதுவும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அது பொத்தென்று தரையில் உட்கார்ந்தது. கீரிக் குட்டியின் கண் மட்டத்துக்குக் குனிந்தது.

"போகலாம், போகலாம். இன்னைக்கு என்ன சாப்பிட்டே? அதை மட்டும் சொல்லிட்டுப் போ" என்றது.

கீரிக் குட்டி நின்றது. "முட்டை" என்றது.

"எத்தனை?"

"நாலு கிடைச்சுது. ஒண்ணைத் தங்கச்சி பிடுங்கிக்கிட்டா."

"அடடா. அப்ப உனக்கு எத்தனை?"

கீரிக் குட்டி விரல்களைப் பார்த்தது. கரடி நான்கு கூழாங்கற்களைத் தரையில் வைத்து ஒன்றைத் தள்ளி வைத்தது. கீரிக் குட்டி திரும்பி வந்து உட்கார்ந்து எண்ணியது. உடனே பன்றிக் குட்டிகள் சண்டையை விட்டுவிட்டு, தாங்கள் ஏழு கிழங்கு தின்றதாகச் சொன்னார்கள். இரண்டு பேருக்கு ஏழு கிழங்கை எப்படிப் பங்கு போட்டீர்கள் என்று கரடி கேட்டது. அதுதான் ஐயா சண்டையே என்றார்கள் இருவரும். முயல் குட்டி அழுத கண்ணோடு சிரித்தது. முள்ளம்பன்றிக் குட்டி தான் தின்ற வேரின் பெயரை எழுதிக் காட்டுகிறேன் என்று குச்சியை எடுத்தது.

இருட்டுவதற்குள் எழுத்தும் நடந்தது, எண்ணும் நடந்தது. யாரும் வீட்டைத் தேடவில்லை.

குட்டிகளைக் கூட்டிப் போக வந்த பன்றித் தாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நாளைக்கும் அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

குட்டிகள் எல்லாரும் போன பிறகும் கரடி எழுந்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு மாலையும் அது 'என்ன சாப்பிட்டே' என்ற இந்தக் கேள்வியோடுதான் பாடத்தைத் தொடங்கியது. வருகைப் பதிவே அப்படித்தான் எடுக்கும். குட்டி ஒவ்வொன்றும் சாப்பிட்டதைச் சொல்லும், கரடி அதற்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைக்கும். நான்கு கூட்டங்களில் எவ்வளவோ ஞாபகம் வந்தது, இது மட்டும் வரவில்லை. இதெல்லாம் எழுதி வைக்கிற விஷயமா என்று எப்போதோ விட்டுவிட்டது. கரடியின் கண் கலங்கியது.

சருகுமான் புதரிலிருந்து மெல்ல வெளியே வந்தது.

"உனக்கு உடம்பு முடியலைன்னு நினைச்சேன்" என்றது கரடி.

"என்னால எடுக்க முடியாதுன்னுதான் எழுதினேன் ஐயா. அது நிஜம்தான். எனக்கு எடுக்கத் தெரியலை" என்றது சருகுமான். பிறகு காய்ந்து சுருண்டுபோன ஓர் இலையை நீட்டியது.

இலையில் மூன்று வரிகள் இருந்தன. குட்டி அழுது வீட்டுக்குப் போகிறேன் என்றால் என்ன செய்வது? மழையில் பாதிப் பேர் மட்டும் வந்தால் எந்தப் பாடம் நடத்துவது? எனக்கு முடியாத நாளில் யாரைக் கூப்பிடுவது?

கரடி இரண்டு முறை படித்தது. "இதை ஏம்மா முன்னாடியே கேட்கலை?"

"நாலு கூட்டத்துக்கும் கொண்டுவந்தேன் ஐயா. பழைய கதை சொல்லும்போது உங்க முகம் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. நடுவுல பேச மனசு வரலை."

கரடி இலையை மூன்றாவது முறை படித்தது. மயில் தோகையை மடித்துக்கொண்டது.

மறுநாள் ஐந்தாவது கூட்டம் கூடியது. இந்த முறை வகுப்பு நடத்துகிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள், குழு கடைசி வரிசையில் உட்கார்ந்தது. கருங்குரங்கு கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டது. முடிவில் கருவிப்பெட்டி ஒரே பக்கமானது. கடவுச்சொல் போய்விட்டது. ஒருமுறை திறந்து எடுத்து வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத பள்ளத்திலும் படிக்கலாம். அதன் முதல் வரி, "முதலில் உட்காருங்கள். இன்று என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொரு குட்டியையும் கேளுங்கள்." வீடியோவையும் வரலாற்றையும் புகைப்படங்களையும் யாரும் தூக்கி எறியவில்லை. பக்கத்தின் அடியில் 'பழைய நினைவுகள்' என்று ஒரு சின்னப் பொத்தானுக்குள் அவை பத்திரமாக இருந்தன.

முடியாத நாளில் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றாவது கேள்விக்கு மட்டும் கூட்டத்தில் யாரும் தன் பெயரைத் தரவில்லை. கரடி எழுந்து போய், பதில் வர வேண்டிய இடத்தில் தன் பெயரையும் போன் எண்ணையும் எழுதச் சொன்னது.

பத்து நாள் கழித்து ஒரு மழை மாலையில் கரடியின் கைபேசி ஒலித்தது. அழைத்தது சருகுமான். கரடி பேசி முடித்து, குகைச் சுவரின் வேரிலிருந்து துணிப்பையை எடுத்துத் தூசி தட்டியது. உள்ளே புளியங்கொட்டைகள் அப்படியே இருந்தன. ஒரு தேக்கிலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூங்கில் பள்ளத்தை நோக்கி நடந்தது.

நீதி: பயன்படுத்தப் போகிறவரைக் கேட்காமல் செய்த கருவி, செய்தவருக்கு நினைவுப் பொருளாக மட்டுமே மிஞ்சும்.