கந்தகப் புகையும் ஆரத்தித் தண்ணீரும்

பொதிகை மலையடிவாரத்தில் ஒரு மருந்துச்சாலை இருந்தது. அதை நடத்தியவள் உலகம்மை. அவளுடைய சீடர் மாசானம் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், மனைவி இறந்த பிறகு வைத்தியம் படிக்க வந்தவர். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பாள், சீடர் குருவை அம்மை என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு யாருக்கும் வரவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்பு, சரக்கறையில் வண்டு விழுந்திருக்கிறதென்று மாசானம் உள்ளே கந்தகத்தைக் கொளுத்தி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மருந்து இடிக்கிற பையன் குத்தாலம், மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் கவனிக்கவில்லை. கதவை இடிக்கும் சத்தம் கேட்டு ஓடிப்போய் இழுத்துப் போட்டபோது அவனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இருமினால் ரத்தம் வந்தது. உயிருக்குப் பயமில்லை என்று உலகம்மை சொல்லிவிட்டாள். ஆனாலும் அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

மாசானம் அவன் படுத்திருந்த அறைப் பக்கமே போகவில்லை. அன்று காலையில் துணியை மூட்டை கட்டிக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"போயிட்டு வாரேன் அம்மை."

"எங்க?"

"மேல குகைக்கு. இனிமே நெருப்பைத் தொட மாட்டேன், மருந்தைத் தொட மாட்டேன். சும்மா உக்காந்திருப்பேன். என்னால ஒரு உசுருக்கும் கெடுதல் வராது."

எனக்குத் தெரிந்து குகைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் யாரோ ஒருத்தர் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் போகிறார்கள். உலகம்மைக்கும் அது தெரியும்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன்," என்றார் மாசானம். "அதே புகையில சுக்கு கெடல, கடுக்காய் கெடல. அவன் நெஞ்சு மட்டும் ஏன் வெந்துபோச்சு?"

உலகம்மை எழுந்துபோய் ஆரத்திக்குக் கரைப்பதுபோல் மஞ்சளையும் துளி சுண்ணாம்பையும் தண்ணீரில் கரைத்தாள். சிவந்த நீரை இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள். ஒன்றின் பக்கத்தில் தணலை வைத்து, அதில் சிட்டிகை கந்தகத்தைப் போட்டு, அந்தக் கிண்ணத்தையும் தணலையும் சேர்த்துப் பானையால் மூடினாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பானையைத் தூக்கினாள். இரண்டு பேருமே இருமிக்கொண்டு விலகினார்கள். கிண்ணத்தில் சிவப்பு இல்லை. வெறும் மஞ்சள் தண்ணீர்தான் இருந்தது.

"துளி தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க."

வைத்தார். "புளிக்கு."

"காஞ்ச இடத்துல அது வெறும் புகைதான் அண்ணாச்சி. தண்ணியில கரைஞ்சா திராவகம். சுக்கு காஞ்சது. குத்தாலத்தோட கண்ணும் தொண்டையும் ஈரம்."

மாசானத்துக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதான் போறேன்னு சொல்லுதேன்."

உலகம்மை குழல்போல் இருந்த ஒரு பப்பாளி இலைத் தண்டை ஒடித்து, இன்னும் சிவப்பாயிருந்த மற்றக் கிண்ணத்தோடு அவர் கையில் கொடுத்தாள்.

"இதை ஊதிட்டுப் போங்க."

தண்டைத் தண்ணீரில் விட்டு ஊதினார். ஒன்றும் ஆகவில்லை. நிறுத்தினார்.

"ஊதுங்க."

ஊதினார். நெஞ்சு வலிக்கிறவரை ஊதினார். சிவப்பு வெளுத்தது. பிறகு அந்தத் தண்ணீரும் மஞ்சளாகிவிட்டது.

"இதுல கந்தகம் போடலையே அம்மை."

"போடல. உங்க மூச்சுதான். அதுவும் தண்ணியில கரைஞ்சா புளிப்பாத்தான் மாறும். என்ன, கொஞ்சம் மெதுவா மாறும்."

"குகையில நான் மட்டுந்தான இருப்பேன்?"

"அங்கயும் சுனை இருக்கு. உங்க மூச்சு அதுலயும் கரையும்."

மாசானம் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் மூச்சே விடக்கூடாதா?"

"அப்படி யாரு சொன்னா?" உலகம்மை அடுப்பிலிருந்த கஞ்சியை ஒரு சட்டியில் ஊற்றினாள். "குத்தாலம் அன்னையிலருந்து உங்களைத்தான் கேக்கான். அண்ணாச்சி எங்க, அண்ணாச்சி எங்கன்னு."

மாசானம் மூட்டையைக் கீழே வைத்தார். சட்டியை வாங்கிக்கொண்டார்.

"நான் அவன் பக்கத்துல உக்காரலாமா அம்மை?"

"சன்னலைத் திறந்து வச்சுட்டு உக்காருங்க."