ஈச்சம்பாறை ஸ்டேஷன் பல்லி

அந்தக் காலத்தில் பல்லி பேசும். இப்போது மாதிரி சுவரோடு சுவராக ஒட்டிக்கிடக்கிற ஜீவன் இல்லை அது. கேட்ட கேள்விக்கு நிறுத்தி நிதானமாக, நல்ல தமிழில் பதில் சொல்லும். அதுதான் அது செய்த தப்பு.

ரயில் வந்த புதிது. ஈச்சம்பாறையில் கருங்கல்லால் ஒரு ஸ்டேஷன் கட்டி, டிக்கெட் ஜன்னலுக்கு மேலே பெரிய மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அந்த விளக்கைப் பார்த்துத்தான் நம் பல்லி அங்கே குடிவந்தது. விளக்கு ஏற்றினால் பூச்சி வரும், பூச்சி வந்தால் வயிறு நிறையும். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பெரிய குடும்பமாகவும் ஆகிவிட்டது. ஸ்டேஷன் இருக்கிறவரை விளக்கு இருக்கும். ரயிலில் ஆள் ஏறுகிறவரை ஸ்டேஷன் இருக்கும்.

ஆனால் ஆள் ஏறினால்தானே!

தினமும் சாயங்காலம் ஊர்சனம் கட்டுச்சோற்று மூட்டையோடு வருவார்கள், வரமாட்டார்கள் என்று சொல்லவில்லை. வந்து, ஜன்னலில் கையை நீட்டுவதற்கு முன்னால் அண்ணாந்து பார்த்து, "பல்லியாத்தா, போகலாமா?" என்று கேட்பார்கள்.

"தாராளமா போயிட்டு வாங்க. ஒண்ணும் ஆகாது" என்று பல்லி சொல்லும்.

உடனே டிக்கெட் வாங்க வேண்டியதுதானே? மாட்டார்கள். பல்லி என்ன சொன்னது என்பது யாருக்கு வேண்டும்? எங்கே இருந்து சொன்னது என்பதுதான் பேச்சு.

"தெக்குச் சுவத்துல இருந்துல்ல சொல்லுது?"

"இன்னைக்கு வியாழக்கிழமை வேற. தெக்க இருந்து சொன்னா போற காரியம் வெளங்காதுய்யா."

"நான்தான் போகச் சொல்றேனே!" என்று பல்லி கத்தும்.

"அது சொல்லும். நாமதான் பாத்து நடந்துக்கணும்."

இவர்கள் பேசி முடிப்பதற்குள் ரயில் போய்விடும். கட்டுச்சோற்றை அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் சவரிமுத்து பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டு பல்லியைப் பார்ப்பார். பல்லி அவரைப் பார்க்கும். தினமும் இதே கூத்து.

கடைசியில் ஒருநாள் ரயில்வே மேலதிகாரி தண்டவாளத்து டிராலியில் வந்து இறங்கினார். "நாளைக்கு ஒரே ஒரு ஆளாவது இங்கே ரயில் ஏறணும். இல்லேன்னா ஸ்டேஷனை மூடி, விளக்கைக் கழற்றிக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பல்லி தன் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தது. குஞ்சுகள் இன்னும் சுவரில் சரியாக நிற்கக்கூடப் பழகவில்லை.

"மாஸ்டரய்யா, நாளைக்கு எந்தப் பக்கம் நல்ல பக்கம்னு ஊர்ல கேட்டு வாங்க. அங்கேயே போய் உக்காந்துக்கிறேன்."

"கிழக்குப் பக்கமாம். என் பொழைப்பும் உன் வாயிலதான் இருக்கு ஆத்தா, பாத்துச் சொல்லு" என்றார் அவர், ஊரில் விசாரித்துவிட்டு வந்து.

மறுநாள் செங்கமலம் வந்தாள். அவள் மகளுக்குப் பக்கத்து டவுனில் இடுப்புவலி கண்டிருந்தது. அவளை வழியனுப்ப ஊரே வந்தது. ஊர்ப் பெரியதனக்காரர் பொன்னுரங்கம் முன்னால் வந்தார். பல்லி கிழக்குச் சுவரில் அழகாக உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "செங்கமலம், தைரியமா ஏறு தாயீ. சுகப்பிரசவம்" என்றது.

செங்கமலம் முகம் மலர்ந்துபோய் டிக்கெட்டை வாங்கிவிட்டாள்! சவரிமுத்து பச்சைக்கொடியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ரயிலும் வந்து நின்றது. அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள்.

"இரு புள்ளே" என்றார் பொன்னுரங்கம். "இந்தப் பல்லி எப்பவும் தெக்குச் சுவத்துலதானே இருக்கும்? இன்னைக்கு எடம் மாறி வந்திருக்கு. அப்போ இன்னைக்குச் சொன்ன எடத்துக்குப் பலனா, எப்பவும் இருக்கிற எடத்துக்குப் பலனா?"

அவ்வளவுதான். ஊர் இரண்டாகப் பிரிந்து வாதாட ஆரம்பித்தது. செங்கமலம் காலை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் நின்றாள். எஞ்சின் ஊதிவிட்டது.

"அய்யோ, உங்க எடத்துல இடி விழ! அங்கே பொண்ணு வலியில துடிக்குதுய்யா! இதோ பாருங்க, நானே ரயில்ல ஏறிக் காட்டுறேன்!" என்று கத்திக்கொண்டே பல்லி ஒரே தாவாகத் தாவியது.

தாவியது ரயிலைப் பார்த்துத்தான். விழுந்தது பொன்னுரங்கத்தின் வழுக்கைத் தலையில்.

"அய்யய்யோ! தலையில பல்லி விழுந்துருச்சு!"

அதற்குமேல் யார் நிற்பார்கள்? தலையில் பல்லி விழுந்தால் முழுக்குப் போட வேண்டும். விழுந்தவரைத் தொட்டவர், தொட்டவரைத் தொட்டவர் என்று ஊர் முழுக்கக் குளத்தைப் பார்த்து ஓடியது. செங்கமலத்தையும் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். ரயில் காலியாகக் கிளம்பியது. சவரிமுத்து கொடியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விளக்கைக் கழற்றினார்கள். கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். சவரிமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "வாய் வலிக்கச் சொன்னியே ஆத்தா, யார் காதுல ஏறிச்சு?" என்று கேட்டார். பல்லிக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இனி இந்த மனுஷர்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டியது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, வேறு விளக்கைத் தேடி ஊருக்குள் போய், பொன்னுரங்கத்தின் வீட்டுச் சுவரில்தான் ஏறியது. அந்த ஊரில் பெரிய விளக்கு அவர் வீட்டில்தான் இருந்தது, என்ன செய்வது!

சில நாள் கழித்து, டவுனிலிருந்து திரும்பி வந்த செங்கமலம் அங்கே கீழே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரயிலை விட்ட அன்று ராத்திரி முழுக்க அவள் புருஷன் மாட்டுவண்டி கட்டி ஓட்டிப்போயும், அவள் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் நலம்தான். ஆனாலும் மகள் பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்று அவளுக்கு ஆறவில்லை.

"விடு புள்ளே" என்றார் பொன்னுரங்கம். "அந்த ரயில்ல மட்டும் நீ ஏறியிருந்தா என்ன கதி ஆகியிருப்பியோ! போகாதது நல்லதாப் போச்சு."

பல்லிக்குத் தாங்கவில்லை. பேசுவதில்லை என்று வேறு முடிவு கட்டியாயிற்று. வெறுத்துப்போய், "ச்சு, ச்சு, ச்சு" என்று உச்சுக்கொட்டியது.

பொன்னுரங்கம் சட்டென்று தரையில் விரலால் தட்டி, பூரித்துப்போய் எல்லோரையும் பார்த்தார். "பாத்தீங்களா! நான் சொன்னது சரின்னு பல்லியே சொல்லிடுச்சு!"

அன்று முதல்தான் பல்லி வாய்திறந்து பேசுவதை விட்டது. அன்று முதல்தான், நாம் என்ன உளறினாலும் அது தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக "ச்சு, ச்சு" என்கிறது. நாமும் உடனே தரையைத் தட்டி, "பார், பல்லியே சொல்லிவிட்டது" என்கிறோம்.