ஒண்ணுமில்ல

அம்மாவின் சீடர்களில் கண்ணப்பிரான் வயதில் மூத்தவர். அம்மா என்று எல்லோரும் அழைக்கிற அந்தக் குருவைவிடவே பத்து வயது பெரியவர். படிப்பும் அதிகம், பேச்சும் அதிகம்.

அவர் ஒரு கருவி செய்திருந்தார். வீட்டில் பேசுகிறவரின் குரலைக் கேட்டே அவர் மனம் எப்படி இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும். குரல் கம்மினால் விளக்கைத் தணிக்கும், பிடித்த பாட்டைப் போடும். முதல் கருவியைத் தன் வீட்டுக் கூடத்தில்தான் வைத்தார்.

இப்போது அவர் மனைவி பூங்கோதை அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வருகிற மாதிரித் தெரியவில்லை. பாவம், மனிதர் இடிந்துபோய் மடத்துக்கு வந்திருந்தார்.

“அவ வருத்தமா இருக்கான்னு கருவிக்குத் தெரிஞ்சதும்மா. தெனமும் பாட்டுப் போட்டுச்சு. அப்புறமும் ஏன் போனா?”

“என்ன வருத்தம்?”

“அது கருவிக்குத் தெரியாது.”

“நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேன். ஒண்ணுமில்லன்னா. சரின்னு விட்டுட்டேன்.”

குரு, அடுப்புக்கு விறகு தீர்ந்துவிட்டதென்று அவரைக் கருவேலங்காட்டுக்குக் கூட்டிப்போனார்.

திரும்பும்போது குரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல.”

கண்ணப்பிரான் தலையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கருவியின் பெருமையைத் தொடர்ந்தார். பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட யாரும் அவ்வளவு பேசமாட்டார்கள்.

குளக்கரை வந்ததும் பக்கத்தில் ஆளைக் காணோம். திரும்பிப் பார்த்தார். குரு வெகுதூரம் பின்தங்கியிருந்தார். முகம் வாடியிருந்தது. கண்ணப்பிரான் விறகுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு ஓடினார்.

“ஒண்ணுமில்லன்னு சொல்லாதீங்க. உக்காருங்க. காலக் காட்டுங்க.”

குதிகாலில் முள் ஆழமாக ஏறியிருந்தது. குரு கொடுத்த ஊக்கை வைத்துப் பொறுமையாக எடுத்தார். எடுத்து முடிப்பதற்குள் கண்ணப்பிரானுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இவ்வளவு வலிய வச்சுக்கிட்டு ஏம்மா மறைச்சீங்க? என் கருவியா இருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருக்கும்.”

“நீங்களுந்தான் அப்பவே கண்டுபிடிச்சீங்க.”

“நீங்க ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்களே.”

குரு காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தார்.

“இன்னொரு தடவை கேப்பீங்கன்னுதான் அப்படிச் சொன்னேன்.”